வாசகர் கேள்வி: எஃப் 12 அமுக்கிட்டு வாங்க, பேசலாம்

போன ரெண்டு இதழா வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: வெப்சைட் எழுதக் கத்துக்கணும், எங்க போறது, எத படிக்கிறது. அதனால இந்த வாட்டி போன் ரிப்பேர், பிரின்டர் கேள்வியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இது மட்டும்தான். பிரின்டர்காரங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

அண்ணே, பி.காம் முடிச்சுட்டு ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பாக்குறேன். ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. யூடியூப்ல தேடினா ஆயிரம் வீடியோ, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பத்து மணி நேர வீடியோ ஒண்ண பாதி பாத்துட்டு விட்டுட்டேன். இங்கிலீஷ் எழுத்துல இருந்தா மெதுவா படிச்சு புரிஞ்சுக்குவேன், பேசினா வேகமா போயிடுது. நான் எத புடிச்சுக்கிறது?
(வாசகி, கோவில்பட்டி)

தங்கச்சி, எதையும் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி கடை கம்ப்யூட்டர்ல குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ திறந்து எஃப் 12 அமுக்குங்க. கீழயோ பக்கத்துலயோ ஒரு பெட்டி திறக்கும், அதுல கன்சோல்னு ஒரு டேப் இருக்கும். அங்க ரெண்டும் மூணும் கூட்டிப் பாருங்க, விடை வரும். அப்புறம் டாகுமென்ட் டாட் டைட்டில்னு அடிங்க, நீங்க இருக்குற பேஜோட தலைப்பு வரும். அதையே சமக்குறி போட்டு உங்க பேருக்கு மாத்துங்க, மேல டேப்ல உங்க பேரு வந்து நிக்கும். ரீலோட் பண்ணா பழையபடி ஆயிடும், யாரு சைட்டும் கெட்டுப்போகாது, அது உங்க பிரவுசர்ல மட்டும் நடந்த கூத்து. ஜாவாஸ்கிரிப்ட்ங்கிறது வெப் பேஜ இப்படி ஆட்டி வைக்கிற மொழி, அது ஓடுறதுக்கு வேண்டிய எஞ்சின் பிரவுசருக்குள்ளயே இருக்கு, தனியா ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், இது பல பேருக்கு தெரியாமலே லேப்டாப் வாங்குறதப் பத்தி யோசிச்சுட்டு இருக்காங்க.

இப்ப எத புடிக்கிறதுங்கிறது. நீங்க எழுத்துல படிக்கிற ஆளுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்கு வீடியோ பக்கம் போறீங்க? ஜாவாஸ்கிரிப்ட் டாட் இன்ஃபோனு ஒரு சைட் இருக்கு, முழுசா இலவசம், ஒண்ணாம் பாடத்துல இருந்து வரிசையா போகும், சின்னச் சின்ன வாக்கியம், பல பாடத்துக்கு கீழ பயிற்சி இருக்கும். முதல் பகுதி மொழி, ரெண்டாவது பகுதி பிரவுசர். என்னக் கேட்டா உங்களுக்கு அது ஒண்ணு போதும். சந்தேகம் வந்தா பாக்குறதுக்கு எம்டிஎன், இது ஃபயர்ஃபாக்ஸ் எடுக்குற மொசில்லாகாரங்க நடத்துறது, வேலை பாக்குற புரோகிராமருங்க தினமும் திறக்குற சைட் இதுதான். ஒரு வசதிய விளக்குற பேஜோட தலையில பெரும்பாலும் பேஸ்லைன்னு ஒரு பட்டை இருக்கும், அந்த வசதி எல்லா முக்கியமான பிரவுசர்லயும் வந்துடுச்சா இல்லயான்னு அதப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

கை ஓயாம அடிச்சுப் பாக்கணும்னா ஃப்ரீகோட்கேம்ப். 2014ல ஆரம்பிச்சது, லாபநோக்கு இல்லாத அமைப்பு, பாடமும் சர்டிஃபிகேட்டும் காசு கேக்காது. ஓடின் புராஜெக்ட்டும் இலவசம்தான், நல்லாவும் இருக்கும், ஆனா அது ஆரம்பத்துலயே லினக்ஸோ மேக்கோ வேணும்னு கேக்கும், விண்டோஸ்ல இருந்தா அதுக்குள்ள லினக்ஸ் போடச் சொல்லும், கடை கம்ப்யூட்டர்ல அந்த வம்பு வேண்டாம். டபிள்யூ3ஸ்கூல்ஸ் பத்தி சண்டை போடுற கூட்டம் ஒண்ணு இருக்கு, அதுல நான் சேர மாட்டேன், ஒரு டேக், அதாவது பேஜ கட்டுற குறி, மறந்து போச்சுன்னா எட்டிப் பாக்க அது நல்ல சைட்தான். பேரப் பாத்துட்டு வெப்புக்கு விதி எழுதுற டபிள்யூ3சி அமைப்போட சைட்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

தமிழ்லயே வேணும்னா கணியம். 2012ல மின்னிதழா ஆரம்பிச்சது, எளிய தமிழில்னு ஒரு வரிசையில பேஜ கட்டுற எச்டிஎம்எல், அதுக்கு நிறமும் அழகும் போடுற சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் இலவச மின்னூல் போட்டிருக்காங்க. ஐஐடி பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல்லயும் தமிழ் குரல்ல பல பாடம் இருக்கு, பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷம்னு துண்டு துண்டா இருக்கும், நிறுத்தி நிறுத்தி செஞ்சு பாக்குறதுக்குன்னே எடுத்தது. அடிப்படை புரியுறதுக்கு இதெல்லாம் நல்லா உதவும், ஆனா எரர் மெசேஜ் எப்பவும் இங்கிலீஷ்லதான் வரும், அத படிக்கிற பழக்கம் ஒரு நாள் வந்துதான் ஆகணும்.

ஒரு பாடம் பழசா புதுசான்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். 2015ல இந்த மொழிக்கு பெரிய அப்டேட் வந்துச்சு, ஒரு மதிப்புக்கு பேரு வைக்கிற லெட், கான்ஸ்ட் எல்லாம் அப்பத்தான் நுழைஞ்சது. நீங்க பாக்குற பாடத்துல எல்லா வரியும் அதுக்கு முந்தைய வார்னு ஆரம்பிச்சு, டாகுமென்ட் டாட் ரைட் வெச்சு பேஜ்ல எழுதச் சொல்லி, நடுவுல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு தனி வரி எழுதச் சொன்னா மூடிட்டு வந்துடுங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூன்ல கை கழுவிடுச்சு.

பில்லிங் பாக்குறீங்கள்ல, அதையே முதல் புராஜெக்ட்டா வெச்சுக்கோங்க. ரெண்டு கட்டம், ஒண்ணுல புடவை விலை, இன்னொண்ணுல கூரியர் சார்ஜ், ஒரு பட்டன், கீழ மொத்தம். 450, 50 போட்டு பட்டன அமுக்குங்க. 500 வராது, 45050னு வரும்! கட்டத்துல அடிக்கிறது எல்லாம் இந்த மொழிக்கு எழுத்துதான், நம்பர் இல்ல, எழுத்தோட எழுத்த கூட்டச் சொன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சுடும். அதே ரெண்டையும் கழிச்சுப் பாருங்க, ஒழுங்கா 400 வரும், ஏன்னா எழுத்த கழிக்க முடியாதுன்னு அதுவே நம்பரா மாத்திக்கும். நம்பர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, விலைய அதுக்குள்ள போட்டு எடுத்தா கூட்டலும் சரியாயிடும். இத ஒரு தடவ நீங்களே முட்டி மோதி சரி பண்ணிட்டீங்கன்னா டேட்டா டைப்னா என்னன்னு யாரும் உங்களுக்கு பாடம் எடுக்க வேண்டாம்.

ஜாவா படிச்சுட்டுதான் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கணும்னு எங்க ஊர் சென்டர்ல சொல்றாங்க. நிஜமா சார்?
(வாசகர், தருமபுரி)

இல்ல சார். ரெண்டும் வேற வேற மொழி, பேரு மட்டும்தான் ஒட்டுது. 1995ல நெட்ஸ்கேப் கம்பெனியில பிரெண்டன் ஐக்குங்கிறவர் பத்தே நாள்ல இதோட முதல் வடிவத்த எழுதினாரு. முதல்ல மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், அந்த வருஷ டிசம்பர்ல ஜாவாஸ்கிரிப்ட். அப்ப சன் கம்பெனியோட ஜாவாவுக்கு செம கிராக்கி, அந்தப் பேர கூட சேத்துக்கிட்டாங்க. ரெண்டு ஃபீஸ் வாங்க சென்டர்காரருக்கு இது நல்ல வசதியா போச்சு.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். வீட்டுல லேப்டாப் இல்ல, ஆண்ட்ராய்டு போன் ஒண்ணுதான் இருக்கு. அதுலயே கோடிங் கத்துக்குறேங்கிறான். நடக்குமா, இல்ல கேம் ஆட சாக்கு சொல்றானா?
(ஒரு அப்பா, திருச்சி)

ரெண்டும் இருக்கலாம் சார். ஆனா நடக்கும். ஏகோட்னு ஒரு எடிட்டர் ஆப் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், அதுலயே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூணும் எழுதி அங்கயே ஓட்டியும் பாத்துக்கலாம். போன் குரோம்ல எஃப் 12 பெட்டி கிடையாது, அதுக்கு பதிலா எருடான்னு ஒண்ணு இருக்கு, நம்ம பேஜ்ல ரெண்டு ஸ்கிரிப்ட் வரிய சேத்துட்டா மூலையில ஒரு சின்ன பட்டன் வரும், அத தொட்டா கன்சோல் திறக்கும். அவன் எழுதின பேஜ கிட்ஹப் பேஜஸ்ல ஏத்தினா காசில்லாம ஒரு அட்ரஸ் கிடைக்கும், சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி பெருமை அடிச்சுக்கலாம், அந்த வயசுல அத விட பெரிய சம்பளம் என்ன இருக்கு?

கஷ்டம் எங்கன்னா டைப்பிங். அடைப்புக்குறி, மேற்கோள், அரைப்புள்ளி எல்லாம் போன் கீபோர்டுல தேடித் தேடி அடிக்கணும், கீபோர்டே சில சமயம் நேரான மேற்கோள வளைஞ்சதா மாத்திடும், உடனே எரர், பையன் ஏன்னு தெரியாம மண்டைய பிச்சுக்குவான். போன்ல கீபோர்டு சொருக உதவுற ஒரு ஓடிஜி கேபிள், ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டு வாங்கிக் கொடுங்க, போன் ஓடிஜிக்கு ஒத்துக்குதான்னு மட்டும் கடையிலயே சொருகிப் பாத்துடுங்க. ஆறு மாசம் இதுல தாக்குப்பிடிச்சான்னா செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு தாராளமா காச போடலாம், கேமுக்கு சாக்கு சொல்றவன் அவ்வளவு நாள் அரைப்புள்ளி தேட மாட்டான்.

பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். பட்டன் வெச்சு ஒரு பேஜ் பண்ணேன், கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்கல. கன்சோல்ல சிவப்பா கேன்னாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்னு வருது. கோடு நோட்ஸ்ல இருக்குற அதேதான், நாலு வாட்டி சரிபாத்துட்டேன். என்ன தப்பு அண்ணா?
(மாணவர், நாகர்கோவில்)

கோடு சரியாத்தான் இருக்கும் தம்பி, வெச்ச இடம் தப்பா இருக்கும். ஸ்கிரிப்ட தலைப்பகுதி ஹெட்ல போட்டிருப்ப, சரியா? பிரவுசர் பேஜ மேல இருந்து கீழ படிச்சுட்டே வரும், ஸ்கிரிப்ட பாத்ததும் அங்கயே நின்னு ஓட்டிடும். உன் கோடு பட்டன தேடுற நேரத்துல அந்தப் பட்டன் இன்னும் பேஜுக்கே வரல. தேடிப் பாத்து கிடைக்கலன்னா கிடைக்கிற பதில் நல், இல்லாத ஒண்ணு மேல கிளிக்க மாட்டச் சொல்ற, அது கத்துது. ஸ்கிரிப்ட் தனி ஃபைலா இருந்தா அந்த டேக்ல டிஃபர்னு ஒரு வார்த்தைய சேத்துடு, பேஜ் முழுசா படிச்சு முடிச்ச பிறகுதான் ஓடும். ஒரே ஃபைல்லயே எழுதியிருந்தா டிஃபர் வேலை செய்யாது, ஸ்கிரிப்ட கீழ எறக்கி பாடி முடியுறதுக்கு சரியா முன்னாடி வெச்சுடு.

அப்பவும் வரலன்னா பட்டன தேடுற அந்த ஒரு வரிய மட்டும் காப்பி பண்ணி கன்சோல்ல போட்டுப் பாரு. அங்க பட்டன் கிடைச்சா பிரச்சனை நேரத்துல இருக்கு, அதாவது ஸ்கிரிப்ட் முந்திடுச்சு. அங்கயும் நல்னு வந்தா பிரச்சனை பேர்ல இருக்கு, குவெரி செலக்டர் வெச்சு தேடியிருந்தா ஐடிக்கு முன்னாடி ஹேஷ் குறிய விட்டிருப்ப, இல்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கும். சிவப்பு எரரோட வலது ஓரத்துல ஃபைல் பேரும் வரி நம்பரும் இருக்கும், அத கிளிக் பண்ணா நேரா அந்த வரிக்கே கொண்டு போய் விடும், அந்த வரி நம்பர் மேல ஒரு தட்டு தட்டினா அடுத்த வாட்டி பிரோகிராம் அங்க வந்து நிக்கும், எந்த வேரியபிள்ல என்ன இருக்குன்னு அப்படியே பாத்துக்கலாம். நோட்ஸ நாலு வாட்டி பாத்த நேரத்துல எரர ஒரு வாட்டி பாத்திருந்தா எனக்கு லெட்டரே போட்டிருக்க மாட்ட!

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடுறேன், அடுத்து நீ அங்கதான் போய் முட்டுவ. வேற ஃபைல எடுத்துட்டு வர்ற ஃபெட்ச் வெச்சு ஒரு ஜேசன் ஃபைல, அதாவது டேட்டா எழுதி வெச்ச ஃபைல, படிக்கப் பாப்ப, கார்ஸ்னு ஒரு எரர் வரும். ஃபைல டபுள் கிளிக் பண்ணி திறந்தா அப்படித்தான், பிரவுசர் பாதுகாப்புக்காக விடாது. விஎஸ் கோட் எடிட்டர்ல லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு அது வழியா திற, போயிடும்.

ஆபீஸ்ல தினமும் ஒரு போர்ட்டல்ல ஒரே மாதிரி ஃபார்ம் நிரப்பணும். மாவட்டம், வட்டம், ஆபீஸ் கோடு எல்லாம் மாறவே மாறாது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அடிக்கணும். இத ஸ்கிரிப்ட் வெச்சு பண்ணலாம்னு கூட வேலை பாக்குறவர் சொல்றாரு. எங்க கத்துக்கிறது?
(வாசகி, வேலூர்)

அக்கா, உங்களுக்குத்தான் இந்த மொழி சீக்கிரம் வரும், ஏன்னா உங்க எரிச்சல் நிஜமானது. வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு புக்மார்க்லெட். சாதாரண புக்மார்க்ல வெப் அட்ரஸ் இருக்குற இடத்துல ஜாவாஸ்கிரிப்ட்னு போட்டு முக்காற்புள்ளி வெச்சு கோட எழுதி சேவ் பண்றது, ஃபார்ம் திறந்ததும் அந்த புக்மார்க்க கிளிக் பண்ணா கட்டமெல்லாம் நிரம்பும். ரெண்டாவது யூசர்ஸ்கிரிப்ட். ஃபயர்ஃபாக்ஸுக்கு வயலன்ட்மங்கி, குரோமுக்கு டாம்பர்மங்கினு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதுல இந்த அட்ரஸ் வந்தா இந்த ஸ்கிரிப்ட ஓட்டுன்னு எழுதி வெச்சுட்டா கிளிக்கே வேண்டாம். 2005 வாக்குல ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த கிரீஸ்மங்கிதான் இதுக்கெல்லாம் தாத்தா, அதனாலதான் எல்லாம் குரங்கு பேராவே இருக்கு. இப்ப குரோம்ல எக்ஸ்டென்ஷன போட்டா மட்டும் பத்தாது, அதோட டீடெயில்ஸ் பக்கத்துல யூசர் ஸ்கிரிப்ட அனுமதின்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அத போடலன்னா ஸ்கிரிப்ட் கம்முன்னு கிடக்கும்.

மாட்டுற இடம் ஒண்ணு சொல்றேன். கட்டத்துல மதிப்பு தெரியும், ஆனா சப்மிட் பண்ணா காலியா இருக்குன்னு சொல்லும். புது மாதிரி சைட்டெல்லாம் ஆளு டைப் பண்ணாத்தான் கவனிக்கும், அதனால மதிப்ப போட்ட பிறகு இன்புட்னு ஒரு ஈவென்ட்டையும், அதாவது டைப் பண்ணியாச்சுங்கிற தகவலையும், நம்ம ஸ்கிரிப்டே அனுப்பி விடணும், டிஸ்பாட்ச் ஈவென்ட்னு எம்டிஎன்ல தேடினா உதாரணத்தோட கிடைக்கும். பேஜ திறக்குறது, ஃபைல் இறக்குறதுன்னு முழுசா தானா ஓட்டணும்னா செலினியம், பிளேரைட்னு பெரிய சாமானெல்லாம் இருக்கு, உங்க வேலைக்கு அது தேவையே இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. பாஸ்வேர்டு, கேப்சா, சப்மிட் பட்டன் இந்த மூணையும் ஸ்கிரிப்ட் தொடக் கூடாது, நிரப்பினத நீங்க கண்ணால பாத்துட்டு நீங்களே அமுக்குங்க, கையெழுத்து போடுறது நீங்கதான. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எக்ஸ்டென்ஷன் போடுறதுக்கும் மேல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புன கோட அப்படியே கன்சோல்ல ஒட்டாதீங்க. அந்த கோடு உங்க லாகின்லதான் ஓடும், நீங்க என்னெல்லாம் பண்ண முடியுமோ அதெல்லாம் அதுவும் பண்ணும். இதுக்குத்தான் முதல் தடவ ஒட்டப் போனா அலவ் பேஸ்டிங்னு கையால அடிக்கச் சொல்லி பிரவுசரே தடுக்குது, ஃபேஸ்புக் கன்சோல திறந்தா ஸ்டாப்னு பெருசா எழுதியே வெச்சிருக்காங்க.

தமிழாசிரியை நான். மாணவர்களுக்கு எழுத்து எண்ணுற விளையாட்டு ஒண்ணு வெப் பேஜா செய்தேன். தமிழ்னு அடிச்சா 5 எழுத்துங்கிது! பிள்ளைங்க சிரிக்கிறாங்க.
(ஆசிரியை, திருவாரூர்)

டீச்சர், லெங்த் போட்டிருப்பீங்க. அது நம்ம எழுத்த எண்ணாது, கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கிற யூனிகோடு துண்ட எண்ணும். த ஒண்ணு, ம ஒண்ணு, இகரக் கொக்கி ஒண்ணு, ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ஆக அஞ்சு. இதுக்குன்னே இன்ட்ல் டாட் செக்மென்டர்னு ஒண்ணு மொழிக்குள்ளயே இருக்கு, மொழி டிஏ, பிரிக்கிற அளவு கிராஃபீம்னு கொடுத்தா த, மி, ழ்னு மூணா பிரிச்சுக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் இது 2024லதான் வந்துச்சு, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பழசு இருந்தா அப்டேட் பண்ணிடுங்க.

அதுக்கு அப்புறமும் ரெண்டு இடம் இடிக்கும். க்ஷ மாதிரி கூட்டெழுத்து வந்தா ரெண்டாத்தான் பிரிக்கும், அதுக்கு நீங்களே தனியா ஒரு இஃப் போடணும். இன்னொண்ணு கொ, கோ வரிசை. அந்த ஒகரக் குறிய ஒரே துண்டாவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும்னு ரெண்டு துண்டாவும் அடிக்கலாம், திரையில பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஒரு பொண்ணு சரியான விடையவே அடிச்சிருப்பா, கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லும், அவ அழுவா. ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்குற நார்மலைஸ ரெண்டு பக்கமும் போட்டுடுங்க, சரியாயிடும். இங்கிலீஷ் பாடங்கள்ல இதெல்லாம் பெரும்பாலும் வராது, நம்ம மொழிக்கு நாமதான் சோதிச்சுப் பாக்கணும், அதனால உங்க விளையாட்ட முடிச்சதும் கோட கிட்ஹப்ல போட்டு வைங்க, இதையே தேடிட்டு இன்னொரு டீச்சர் வருவாங்க.

ஒரு இன்ஸ்டிடியூட்ல ஃபுல் ஸ்டாக், அதாவது வெப்சைட்டோட முன்பக்கமும் சர்வர் பக்கமும் சேத்து சொல்லித் தர்ற கோர்ஸுக்கு 60 ஆயிரம் கேக்குறாங்க, வேலை கேரண்டியாம். சேரலாமா?
(வாசகர், சேலம்)

கேரண்டிய எழுத்துல கேளுங்க, வேலை கிடைக்கலன்னா காசு திரும்பி வருமான்னும் கேளுங்க. அதுக்கு என்ன சொல்றாங்கங்கிறதுலயே பதில் இருக்கு. சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், தினமும் போய் உக்காந்தாத்தான் எனக்கு ஓடும்னா கிளாஸ் தப்பே இல்ல, ஆனா பாடத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டாம். ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டிகிரியில மாடர்ன் அப்ளிகேஷன் டெவலப்மென்ட்னு ரெண்டு பாடம், எச்டிஎம்எல்ல ஆரம்பிச்சு சர்வர் பக்கம் ஃப்ளாஸ்க், பிரவுசர் பக்கம் வியூ வரைக்கும் போகுது, அந்த வகுப்பு வீடியோவெல்லாம் யூடியூப்ல சும்மா கிடக்கு. ஹார்வர்டோட சிஎஸ்50 வெப் கோர்ஸும் இலவசமா படிக்கலாம், அது பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் சேந்தது. அந்த வேகம் ஒத்து வருதான்னு ஒரு மாசம் பாருங்க, அப்புறம் பர்ஸ திறக்கலாம். இன்டர்வியூவுல சர்டிஃபிகேட்ட விட நீங்க பண்ண ரெண்டு மூணு சைட்டோட லிங்க்தான் பேச்ச ஆரம்பிச்சு வைக்கும்.

எங்க காலேஜ் லேப்ல சர்வர்ல ஓடுற பிஎச்பி மொழி. நோட்ஸ்ல இருக்குற டேட்டாபேஸோட இணைக்கிற மைஎஸ்க்யூஎல் கனெக்ட் வரிய, வீட்டு கம்ப்யூட்டர்லயே பிஎச்பி ஓட்டுற எக்ஸாம்ப் போட்டு ஓட்டினா அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்னு வருது. காலேஜ்ல மட்டும் ஓடுது. என் கம்ப்யூட்டர்ல கோளாறா?
(மாணவி, சிவகாசி)

உன் கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்மா, நோட்ஸ்தான் பழசு. அந்த ஃபங்ஷன 2013லயே இனி வேண்டாம்னு சொல்லிட்டாங்க, 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7ல எடுத்தே போட்டுட்டாங்க. காலேஜ்ல இன்னும் பிஎச்பி 5 ஓடிட்டு இருக்கும், அதான் அங்க ஓடுது. நீ அதே வேலைய செய்யுற பிடிஓ படி, பிஎச்பியோட சொந்த மேனுவல்லயே உதாரணத்தோட இருக்கு, ஆள் அடிச்சத கட்டளையோட கலக்காம தனியா அனுப்புற ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ங்கிற பகுதிய மட்டும் விட்டுடாத. லாகின் பாக்ஸ்ல யாராவது ஒரு மேற்கோள் குறிய போட்டு பாஸ்வேர்டே இல்லாம உள்ள வர்றது அதாலதான் நிக்கும். லேப் எக்ஸாம்ல மட்டும் நோட்ஸ்ல இருக்குறபடியே எழுதிடு, மார்க் போடுறவங்க கையில அந்த நோட்ஸ்தான் இருக்கும்.